கை நனைக்காத எட்டு நாள்

கண்ணு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கடலைக்காட்டு வரப்பில் நின்றபடியே பிரித்துப் படித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து நேராக அயோத்தியாப்பட்டணத்துக்குப் பெண் பார்க்க வந்துவிடுவதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். அதற்குக் கீழேயே, பத்து நிமிஷம் இருந்தால் போதும், பிடித்தது பிடிக்காததைப் பிறகு சாவகாசமாகச் சொல்லி அனுப்பிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். எட்டாம் வகுப்பையே இரண்டு தடவை படித்த மனுஷன், எதைத்தான் ஒரு தடவையில் படித்தார் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் இந்தக் கடிதத்தைப் பெண் பார்க்கக் கிளம்புவதற்கு முன்னால் முழுசாகப் படித்துவிடு.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கொஞ்சம்தான். நான் நல்லபடியாகச் செய்த காரியங்களை எண்ணினால் ஒரு கை விரல் மிச்சமாகும். அதனால் என் வாயால் சொல்லாமல் உன் அப்பாருவை வைத்துச் சொல்கிறேன். என்னைப் பெற்றவர். அவர் போனபோது உனக்கு ஆறு வயது. உன் காதைப் பிடித்துக்கொண்டு, வளையல்காரியிடம் "இந்தப் பையனை எடுத்துக்கிட்டு ஒரு டசன் வளையல் குடு" என்று அவர் பேரம் பேசியதும், அவள் "டசனுக்கெல்லாம் ஆவாதுங்க, ஆறு வேணா தாரேன்" என்றதும், நீ அழுதுகொண்டே "எட்டு கேளுங்க அப்பாரு" என்று சொன்னதும் உனக்கு ஞாபகம் இருக்கலாம். அதற்கு மேல் அவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? நான் சொல்லாதது என் தப்பு.

ஊரில் எந்த வீட்டில் இழவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். மூங்கில் வெட்டுவதிலிருந்து குழி வெட்டுவதுவரை பார்த்துவிட்டு வந்துவிடுவார். மூன்றாம் நாள் மறுபடி போவார், அது சிரிக்க வைக்க. மேலத்தெருவில் ஒருவர் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு மூன்று நாளாகப் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கிடந்தார். அப்பாருவைப் பார்த்ததும், "மச்சான், இருவது வருசத்துல என்னைய ஒரு கடுஞ்சொல்லு சொன்னதில்லையே அவ" என்று அழுதிருக்கிறார். அப்பாரு தாடையைச் சொறிந்துகொண்டு, "ஏப்பா, அப்ப தெனமும் எங்க ஊடு வரைக்கும் கேட்டுதே, அது ஆரு சத்தம்?" என்று கேட்டார். மனுஷன் அழுகையும் சிரிப்புமாகப் புரையேறி, அதற்குக் குடித்த கஞ்சிதான் அவருக்கு அந்த மூன்று நாளில் முதல் ஆகாரம். இப்படிப்பட்டவர்தான் ஊர் மாரியம்மன் கோயில் காரியத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் அத்தை பாவாயியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். என் தங்கை. ஒன்பது வயதில் அவளுக்கு அம்மை வார்த்தது. "உசிரைத் திருப்பிக் குடுத்துட்டு, மூஞ்சியில கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டா ஆத்தா" என்பார் அப்பாரு. அந்தத் தழும்பு பெண் கேட்டு வருகிறவர்கள் கண்ணில்தான் முதலில் படும். பதினாறு வயதில் முதல் இடம் வந்தது. பார்த்தார்கள், "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்று போனார்கள். நான்கு மாதம் காத்திருந்தோம். அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டதை உப்பு விற்க வந்தவன் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டாவது இடமும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய், அதே மாதிரி ஓசையில்லாமல் இருந்துவிட்டது. அந்த மாதங்களில் ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் பாவாயி திருகையைச் சுற்றுவதை நிறுத்துவாள். வண்டி நிற்காமல் போனதும் மறுபடி சுற்றுவாள். நான் பார்த்திருக்கிறேன். அப்பாருவும் பார்த்திருக்கிறார். ஒரு நாள் என்னிடம், "வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிப்போட்டுப் போனா நாம செத்தா போயிருவோம்? சொல்லாமப் போறாங்க பாரு, அதுதான் புள்ளையக் கொல்லுது" என்றார். அவர் சிரிக்காமல் பேசிய வார்த்தைகளில் அது ஒன்று.

மூன்றாவதாக ராசிபுரத்துப் பக்கம் ஓர் இடம் வந்தது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மாரியம்மன் பண்டிகைக்குப் பூச்சாட்டும் அன்று மத்தியானம்தான் அவர்கள் வர முடிந்தது. டவுனிலேயே இருந்து பழகிவிட்ட உனக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் கோயில் முன்னால் கம்பம் நட்டுத் தப்பட்டை அடித்துவிட்டால், எட்டாம் நாள் கம்பத்தைப் பிடுங்கும்வரை ஊர் கட்டுக்குள் வந்துவிடும். அந்தச் சத்தம் கேட்கும்போது எல்லைக்குள் நிற்கிறவன் சொந்த ஊர்க்காரனானாலும் விருந்தாளியானாலும் ராத்தங்க வெளியே போகக்கூடாது. வீடுகளில் தாளிக்க மாட்டார்கள், எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. நல்ல காரியமும் பேச மாட்டார்கள். அதனால் பெண் பார்க்க வந்தவர்களைப் பொழுது சாய்வதற்குள் எல்லைக்கல் தாண்டி அனுப்பிவிட வேண்டும். அந்த வேலையை அப்பாரு என்னிடம் கொடுத்தார். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளைப் பையனின் அப்பா, வாட்டசாட்டமான பெரியவர். பையனின் அத்தை. பையன்தான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன், மாட்டோடு வெளியிலேயே நின்றுவிட்டான். பாவாயி மோர் கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் அவளை ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு கிளம்பும்வரை எங்கள் கூரையைத்தான் பார்த்தார். மோரைத் தொடவில்லை. பெண் கொடுக்கிற வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம், அதனால் சோற்றுக்கு உட்காரவும் இல்லை. எழுந்து துண்டை உதறிக்கொண்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்பறோமுங்க" என்றார். உள்ளே திருகை சுற்றும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்பாரு கோயிலுக்குப் போய்விட்டார். நான் வண்டி பூட்ட ஒத்தாசையாக நின்றேன். அப்போது பெரியவர் மடியிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். "தம்பி இங்கிலீசு படிச்சிருக்குதாமே. சர்க்கார் காயிதமாட்டத் தெரியுது. என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்றார். எனக்கு அதில் 'தி' என்ற வார்த்தையும் 'அண்டு' என்ற வார்த்தையும் தெரிந்தன. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி போயிருக்கும். தங்கையை வேண்டாம் என்று போகிறவர்கள் முன்னால் அண்ணனாவது படித்தவன் என்று காட்ட வேண்டும் என்றொரு வீம்பு வந்தது. காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். உதட்டை அசைத்தேன். "நிலத்தை அளக்க ஆள் வரப்போகிறதாம்" என்று ஆரம்பித்தேன். "எந்த நிலம்?" என்றார். கீழே தேடினேன். "எப்ப?" என்றார். மறுபக்கம் திருப்பித் தேடினேன். பனைமரத்துக்குப் பின்னால் பொழுது இறங்கியதை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. தப்பட்டை முழங்கியது.

அப்பாரு மஞ்சள் வேட்டியோடு ஓடி வந்தார். வண்டியைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னடா, படிச்சு முடிச்சிட்டியா?" என்றார்.

"இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்கய்யா."

"அவசரமில்ல சாமி. எட்டு நாள் இருக்குது, மெதுவாப் படி."

பையனின் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் அம்மன் காரியத்துக்கு மறுபேச்சுப் பேசுகிறவர் அல்ல. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. எட்டு நாளும் பட்டினி கெடந்தாலும் கெடப்பமுங்க, உங்க ஊட்ல கை நனைக்க மாட்டமுங்க." அப்பாரு, "நெனைக்கலீங்க. ஆனா எங்க ஊர்ல ஒருத்தர் பட்டினி கெடந்தா ஆத்தா உங்களைக் கேக்க மாட்டா, என்னையத்தான் கேப்பா" என்று சொல்லிவிட்டு அப்போதே வீடு வீடாகப் போனார். மத்தியானம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு என்று எட்டு நாளைக்கும் முறை போட்டுவிட்டு வந்தார். படுக்கப் பள்ளிக்கூடத்தை ஒழித்துக் கொடுத்தார். அது மட்டுமில்லை, தானும் அவர்களோடுதான் சாப்பிடுவேன் என்றார். ஊர் விருந்தாளியைத் தனியாக உட்காரவைத்து, தான் மட்டும் வீட்டில் போய்த் தின்பது முறையில்லையாம். என் அம்மாவுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டுமா? "பொண்ணுப் பாக்க வந்தவியதான் கை நனைக்கலைன்னா, கட்டுன புருசனும் நனைக்கறதில்லை" என்று பாத்திரங்களிடம் சொன்னாள்.

அப்பாரு முறை சொல்லப் போன வீடுகளில் எல்லாம் கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். "பாவாயியைப் பத்தி ஒரு வார்த்தை அவிய காதுல ஆரும் போடக்கூடாது. நல்லதாவும் வேண்டாம். அவிய நகர முடியாமக் கெடக்கறாங்க. கட்டிப் போட்ட மாட்டுக்கிட்டப் போயி யாராச்சும் வெலை பேசுவாங்களா?" எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. மூன்றாவது இடமும் கை நழுவுகிறது, எட்டு நாள் தெய்வமே பிடித்துக் கொடுத்திருக்கிறது, இந்த மனுஷன் சோறு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று பொருமினேன்.

நாள்கள் போயின. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். அது மாட்டுக்குப் பூச்சி மருந்து வாங்கிய புட்டியோடு வந்த காகிதமாம். எத்தனை முழுங்கு கொடுப்பது என்று எழுதியிருந்ததாம். மூன்று நாளாக நிலம் போய்விடுமோ என்று தூங்காமல் கிடந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்பாரு சாவதானமாக, "பையன் சரியாத்தானுங்க படிச்சான். நெலத்தை அளக்கறதுக்குப் பதிலா மருந்தை அளக்கோணும், அவ்வளவுதான்" என்றார். பெரியவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. நான் அன்று முழுக்கச் சோளக்காட்டுக்குள்தான் இருந்தேன்.

பையனுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. எந்த வீட்டில் சாப்பிட்டானோ அந்த வீட்டுக் கிணற்றுக்குப் போய், மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினான். அவர்கள் ஊர் மானாவாரிக் காடு, அவனுக்குக் கவலை பழக்கமில்லை. மாடுகளைப் பின்னுக்குத் தள்ளி நடத்தத் தெரியாமல், தோல் பறி பாதித் தண்ணீரோடு மேலே வந்தது. பிள்ளைகள் கூடி நின்று சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சாட்டையைக் கடைசிவரை கையில் எடுக்கவில்லை. கம்பத்துக்கு ஊற்றக் குடத்தில் மஞ்சள் தண்ணீர் எடுத்துக்கொண்டு பாவாயி அந்த வழியாகத்தான் தினமும் போவாள். பெண் பார்ப்பது என்றால் அவர்கள் பார்ப்பது மட்டும்தான், அவள் குனிந்த தலை நிமிரக்கூடாது. இந்த எட்டு நாளில் அவள் நிமிர்ந்தே நடந்தாள்.

ஐந்தாம் நாள்தான் என் அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. அன்று சாயங்காலச் சாப்பாடு அடுத்த வீட்டில். அம்மா கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும் எங்கள் அடுப்பில் ஆக்கி, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசிவைத்து, என்னிடம் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பினாள். தின்று முடித்துக் கையைக் கழுவிய பிறகு, அது எங்கள் வீட்டுச் சோறு என்று சொல்லிவிடுவது ஏற்பாடு. கை நனைத்தாகிவிட்டது, இனி ஊர் முன்னால் எப்படி மாட்டேன் என்பார்கள்? சட்டியைத் தூக்கிப் போனவன் நான். தங்கைக்கு நல்லது செய்கிறோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன்.

தாளிப்பு இல்லாத அந்த நாள்களில் எல்லா வீட்டுக் குழம்பும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கொள்ளு கடையும்போது பூண்டைத் தணலில் சுட்டுப் போடுகிறவள் ஊரில் என் அம்மா ஒருத்திதான். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பெரியவர் உருட்டிய சோறு கையில் இருந்தது. அப்பாரு ஒரு வாய் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். சட்டியைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்தால் போதும், பாவாயிக்கு வாழ்வு. அது அவருக்குத் தெரியும் என்பது அவர் முகத்தில் எனக்குத் தெரிந்தது.

"கையைக் கீழ வையுங்க" என்றார் பெரியவரிடம். "இது எங்க ஊட்டுச் சோறு. என்ற மகனும் அவங்க ஆத்தாளும் சேர்ந்து கள்ளத்தனமாக் கொண்டாந்துட்டாங்க. நீங்க இன்னும் வாயில வெக்கலை. அதனால நனைச்சதாகாது."

பையனின் அத்தை மெதுவாக, "நான் ரெண்டு உருண்டை முழுங்கிப்போட்டனுங்களே" என்றாள்.

"அதை நான் பாக்கலீங்க" என்றார் அப்பாரு.

பெரியவர் உருண்டையை இலையில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். அன்று அவரும் அப்பாருவும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தார்கள். நான் எங்கள் வீட்டு வாசலில் அடிக்குத் தயாராக நின்றேன். அடிக்கவில்லை. "உன்ற தங்கச்சிய ஒருத்தன் ஏமாந்து கட்டிக்கிட்டுப் போனா, வருசம் பூரா அந்த ஊட்ல அவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சோறு போடுவா?" என்று மட்டும் கேட்டார். உள்ளேயிருந்து பாவாயியும் அதைக் கேட்டாள்.

எட்டாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். மறுநாள் காலை மஞ்சள் தண்ணீர் ஆடிய கறையோடு ஊரே தெருவில் நின்றது. வண்டி பூட்டியாகிவிட்டது. எங்கள் வாசலில் வண்டி வந்து நின்றதும் என் அம்மா உள்ளே போய்விட்டாள். அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லப் போகிறார்கள் என்று நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பெரியவர் இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"எட்டு நாள்ல உங்க ஊர்ல எத்தனையோ ஊட்ல சாப்பிட்டனுங்க. ஒரு ஊட்லயும் சோறு போட்டவிய மூஞ்சிய நான் பாத்துச் சாப்பிடலை. இங்க வந்தன்னிக்கு மட்டும் பாத்துட்டேன். ஒரு வேளைச் சோறு போடுங்க, சாப்பிட்டுட்டுப் போறோம்" என்றார்.

வண்டியிலிருந்தே அத்தை, "நான் அன்னிக்குத் தின்னதுல மிச்சமிருந்தா எனக்கு அதுவே போதுமுங்க" என்றாள்.

வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் அந்த நிமிஷமே இலை போட்டிருப்பான். நானாக இருந்தால் காலிலேயே விழுந்திருப்பேன். அப்பாரு திரும்பி வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "பாவாயி, இவிய நம்ம ஊட்ல சோறு கேக்கறாங்க. இருக்குதா, இல்லையா? இல்லைன்னாலும் ஒண்ணுமில்ல சாமி, இல்லைன்னே சொல்லு."

பையன் மாட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றான். தடவிய இடத்தையே தடவினான். கொஞ்ச நேரம் கழித்துப் பாவாயி குரல் வந்தது.

"இப்பத்தைக்கு இல்லீங்கய்யா. உக்காரச் சொல்லுங்க, உலை வெக்கறேன்."

கண்ணு, வெள்ளிக்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். பெண்ணைப் பிடிக்கவில்லை என்றால் அந்த வாசலிலேயே, அவளுடைய அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. வாய் வரவில்லை என்றால் நான் பக்கத்தில் நிற்கிறேன், என் கையைப் பிடித்துக்கொண்டு சொல். பிடித்திருந்தால் அதையும் அங்கேயே சொல்லிவிட்டு, அவளுக்குச் சம்மதமா என்று கேட்கச் சொல். அவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தாலும் உட்கார்ந்திரு. படித்த பிள்ளைகளுக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தால் எட்டு நாள் மூன்று பேரைக் கட்டிப் போட்டவன் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்றும், வேண்டாததை வேண்டாம் என்றும் சொல்லப் பழகிக்கொள்.

அன்றைக்கு உலை வைத்தவள் நெல்லுச்சோறு ஆக்கினாள். அமாவாசை இல்லை, நோம்பி இல்லை, இருந்தும் நெல்லுச்சோறு. வெகு நேரமாயிற்று. அப்பாரு அவர்களுக்கு மேலத்தெருக்காரர் கதையைச் சொன்னார், வளர்த்த மாடுகளின் கதையைச் சொன்னார், கதை தீர்ந்துபோய் என் எட்டாம் வகுப்புக் கதையையும் சொன்னார். ஏன் அவ்வளவு நேரம் என்று இந்தப் பொங்கலுக்கு உன் அத்தை ராசிபுரத்துப் பக்கமிருந்து வந்தபோதுதான் கேட்டேன். "சோறு அப்பவே வெந்துருச்சண்ணா. வேணும்னுதான் வடிக்காம நின்னேன். என்னைய ரெண்டு ஊட்டுக்காரங்க மாசக்கணக்கா நிக்க வெச்சாங்க. இவியளாச்சும் ஒரு நாழி உக்காந்திருக்கட்டும்னு" என்றாள். சோறு குழைந்து களியாகத்தான் இலைக்கு வந்தது. அப்பாரு அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பெரியவர் முந்திக்கொண்டு, "பதமா இருக்குதுங்க, இன்னங் கொஞ்சம் போடச் சொல்லுங்க" என்றார். பாவாயி வந்து போட்டாள். இந்தத் தடவை அவர் கூரையைப் பார்க்கவில்லை.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
உன் அப்பன்.